இருபத்து நாலு பல்

எங்கள் தோட்டத்தில் ஸ்க்ராப்பு என்று சொன்னாலே சின்னப் பிள்ளைக்கும் மூக்கு சுருங்கும். மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டிய பால், மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தின் அடியில் கட்டியாக நின்ற பால், தரையில் சிந்தி மண்ணோடு உறைந்த பால், எல்லாவற்றையும் சுரண்டிச் சாக்கில் அடைப்போம். தமிழில் அதற்கு ஒட்டுப்பால் என்று பெயர். துரைமார் வாயில் அது ஸ்க்ராப்பு. செத்த பெருச்சாளியும் புளித்த கஞ்சியும் சேர்ந்த நாற்றம். உலகத்தில் வேறு எதற்காவது அந்தப் பெயர் உண்டு என்று எனக்கு முப்பது வயது வரைக்கும் தெரியாது. தெரியாத காரணத்தால் ஒரு தோட்டத்தையே கப்பலேற்றப் பார்த்தேன்.

ரப்பர் விலை பாதாளத்துக்குப் போன வருஷங்கள் அவை. மலாயாவில் கோலா சாவாவுக்கு உள்ளே தள்ளியிருந்த சின்னத் தோட்டம் எங்களுடையது. மூன்று லயம், அதாவது வரிசை வீடு, லயத்துக்கு எட்டு கதவு, கதவுக்கு ஒரு குடும்பம். பாதிக் கதவுக்காரர்களை அதற்கு முன்னாலேயே ஊருக்கு என்று சொல்லிக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. நான் பிறந்ததே நடு லயத்தில். கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, போர்ட்டிக்சனில், அதுவும் முழங்கால் வரை.

வேலை எனக்கு ஸ்டோரில். பாலை உறையவைத்து, உறைந்த கட்டியை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு மெல்லிசாக இழுப்போம். பிறகு அது புகை வீட்டுக்குப் போய்க் காயும். உருளைகளின் நுனியில் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு சுற்றும் ஒரே அளவான இரண்டு பல்சக்கரங்கள் இருந்தன. காலையில் முதல் வேலை அவற்றுக்குக் கொழுப்பு தடவுவது. எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு பல்லுக்கு ஒரு கதவு என்று வைத்துக்கொண்டு, அந்தக் கதவுக்காரர் எப்போதும் சொல்லும் வார்த்தையைச் சொல்லியபடி தடவுவேன். முதல் லயத்து முதல் கதவு, "எனக்கென்ன போச்சு". இரண்டாவது கதவு, "நான் சொன்னா யாரு கேக்குறா". மூன்றாவது, எதற்கெடுத்தாலும் "பாக்கலாம் லா" என்று நழுவுகிற மனுஷர். பால் ஊற்ற வருகிற பெண்கள் கேட்டுவிட்டு, "எங்க வூட்டுப் பல்லுக்கு இன்னும் ரெண்டு தடவு தடவுண்ணே, அந்தாளு சத்தம் தாங்கல" என்பார்கள். ஆட்களைக் கப்பலேற்றிய பிறகும் நான் அந்தக் கதவுகளை விட்டதில்லை. கதவு காலி என்றாலும் பல் அங்கேதானே இருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கட்டி உள்ளே போகும்போது துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். சக்கரங்களில் ஒன்று மூன்று துண்டாகக் காலடியில் கிடந்தது. உருளை நின்றுவிட்டது. அன்றைக்கு வந்த பால் முழுவதும் தொட்டியிலேயே கல்லாகிப் போனது.

மறுநாள் விடியலில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்க, எல்லோரும் வரிசையாக நின்றோம். துரை கையில் ஒரு தாள் இருந்தது. புதுச் சக்கரம் சீமையிலிருந்து வர மாதக்கணக்கு ஆகும், அதுவரைக்கும் மரங்களை ஓய்வாக விடும்படி கம்பெனியில் எழுதிவிட்டார்கள் என்றார். மெஷின் சனிக்கிழமைக்குள் ஓடினால் சரி. ஓடாவிட்டால் மிச்சம் இருக்கிற எல்லோர் பெயரும் திங்கட்கிழமை லேபர் ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து கப்பல்தான். கங்காணி அதைத் தமிழில் திருப்பிச் சொல்லும்போது கடைசியில் அவர் குரலே கம்மிவிட்டது. அந்தத் தாளில் அவர் பெயரும் இருந்தது.

அப்போது எங்கள் ஆபீஸில் கணக்கெழுத ஒரு புதுக் கிராணி. கெமாஸ் ரயில்வே ஸ்டோரில் பல வருஷம் இருந்து, அங்கே ஆள் குறைத்தபோது இங்கே வந்தவர். அவருக்கு ரப்பர் தெரியாது, இரும்பு தெரியும். ஸ்டோருக்கு வந்து மூன்று துண்டையும் தூக்கிப் பார்த்தார்.

"சீமைக்கு எதுக்குப்பா போகணும்? செரம்பான்லே சீனன் ஒருத்தன் வார்ப்புப் பட்டறை வச்சிருக்கான். இந்தத் துண்டுங்களை மணல்லே வச்சு அமுக்கினா அச்சு விழும். அதுலே இரும்பைக் காய்ச்சி ஊத்தினா சக்கரம்."

"இரும்புக்கு எங்கேங்கய்யா போறது?"

"அவனுக்கு இரும்பு கப்பல்லேயா வருது? ஓட்டை அடுப்பு, உடைஞ்ச சட்டி, இதுதான் அவன் சுரங்கம். கூலிக்குப் பதிலா பழைய இரும்பு குடுத்தாப் போதும். ஆனா வியாழக்கிழமை அடுப்பு மூட்டுறான். அதை விட்டா இரும்பும் கரியும் சேர்றதுக்கு ஒரு மாசம் ஆகும்."

புதன்கிழமை முழுவதும் லயத்தில் இரும்பு வேட்டை. உடைந்த தோசைக்கல், வண்டிச் சக்கரத்தின் உள்வளையம், தையல் மெஷின் கால், காலொடிந்த கணப்பு அடுப்பு, எங்கேயோ மண்ணில் புதைந்து கிடந்த பழைய உருளை ஒன்று. "என் மாமியா முழுசா இரும்பு, சாக்குலே எடம் இருக்கா?" என்று ஒருத்தி கேட்க, மாமியாரே சிரித்தாள். அந்தச் சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. துரையின் தாளில் மாமியார் பெயர் மேலே, மருமகள் பெயர் கீழே.

கிராணி ஒரு சுத்தியலோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். தட்டினால் மொத்தையாகச் சத்தம் போட்டு, ஓங்கி அடித்தால் ஓடு போல உடைகிறது வார்ப்பிரும்பு. அது சக்கரத்துக்கு ஆகும். வளைகிறதே தவிர உடையாதது தேனிரும்பு, அது கொல்லனுக்கு. மணி போல ஒலிக்கிற பழைய உளிகள் எஃகு, அவை தனி. மண்ணெண்ணெய்த் தகரத்தை அவர் தொடவே விடவில்லை. "இது ஒண்ணு உள்ளே போனா காய்ச்சின இரும்பு மொத்தமும் கெட்டுப்போகும்" என்றார். நாங்கள் குப்பை என்று கடந்து போன சாமான்களுக்கு இத்தனை சாதி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

உடைந்த சக்கரத்தின் மூன்று துண்டையும் நான் வேறொரு சாக்கில் கட்டினேன். இரும்பு மூட்டைகளோடு கலந்துவிடக் கூடாதே என்று, ஸ்டோரின் மறு மூலையில், ஒட்டுப்பால் மூட்டைகளோடு வைத்தேன். நாற்றத்துக்குப் பயந்து ஒருத்தரும் அந்த மூலைக்குப் போக மாட்டார்கள் அல்லவா? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வியாழன் விடியலில் கிராணி ஆபீஸ் ஜன்னலிலிருந்து கத்தினார். "மெஷின்காரரே, வண்டி வந்ததும் ஸ்க்ராப்பு மூட்டையெல்லாம் ஏத்தி அனுப்பிடுங்க. சக்கரம் என் கையோட வரட்டும், நான் பஸ்ஸிலே போறேன்."

அதுவரைக்கும் அவர் வாயில் பழைய இரும்பு என்றுதான் வந்தது. அவசரத்தில் ரயில்வே வாய் திரும்பிவிட்டது. ரயில்வேயில் ஸ்க்ராப்பு என்றால் இரும்பு. எனக்கு அது ஒட்டுப்பால். ஒட்டுப்பால் மூட்டை வாராவாரம் ரந்தாவ் கடைக்குப் போவதுதான், அதையும் இன்றைக்கே அனுப்பச் சொல்கிறார் என்று நினைத்தேன். வண்டிக்காரரிடம், "ஸ்க்ராப்பை ஏத்துங்க மாமா" என்று சொல்லிவிட்டு, சக்கரச் சாக்கும் அங்கே இருப்பதை மறந்து, உருளையைக் கழுவத் தண்ணீர் எடுக்கப் போனேன். வண்டிக்காரர் மூலையில் கிடந்த மூட்டைகளை எல்லாம் ஏற்றினார். அவருக்கு மூக்கே கிடையாது என்று லயத்தில் சொல்வார்கள். அன்றைக்குக் கண்ணும் இல்லாமல் போனது.

வெயில் ஏறியபோது கிராணி குடையோடு வந்தார். இரும்பு மூட்டைகள் வைத்த இடத்திலேயே இருந்தன. மறு மூலை துடைத்துவிட்டது போல இருந்தது.

"ஸ்க்ராப்பை அனுப்பலியா?"

"அனுப்பிட்டேனே ஐயா."

"அப்ப இது என்ன?"

"இது இரும்பு."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் குடையைக் கீழே போட்டுவிட்டார். "சக்கரம் எங்கேய்யா?" என்று கேட்கும்போது அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது. நான் காலியான மூலையைக் கை காட்டினேன்.

"ஓடு. நான் வேறே வண்டி பிடிச்சு இரும்பை ஏத்திக்கிட்டு நேரே பட்டறைக்கு வரேன். மத்தியானத்துக்குள்ளே துண்டு மூணும் அங்கே இருக்கணும்."

ரந்தாவ் வரைக்கும் செம்மண் பாதையில் ஓடினேன். பாதி வழியில் வண்டி வெறும் வண்டியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரரிடம் நின்று கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

ரந்தாவில் ஒட்டுப்பால் வாங்குகிற முதலாளி கடற்கரைப் பக்கத்து மரைக்காயர். கடைவாசலில் மூட்டைகள் பிரிந்து கிடந்தன. என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க வாப்பா. ஒட்டுப்பாலுக்கு நடுவுலே எடைக்கு மண்ணு பாத்திருக்கேன், கல்லு பாத்திருக்கேன், செத்த எலி கூடப் பாத்திருக்கேன். பல்லு வச்ச இரும்பு இதுதான் மொதோ தடவை. என்னை என்ன, பொட்டக்கண்ணன்னு நெனச்சீங்களா?"

"மொதலாளி, அது ஏமாத்து இல்லே, தவறிப்போச்சு. அது எங்கே?"

"எங்கேயா? இரும்பு பொறுக்குற சீனன் லாரியோட வந்தான். தூக்கி எறிஞ்சேன், எடுத்துக்கிட்டுப் போயிட்டான். இன்னைக்கு செரம்பான்லே அடுப்பாம், அவசரமா போனான்."

சக்கரம் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. ஆனால் அச்சு எடுக்க அல்ல, உருக்க. சாலையைப் பார்த்து ஓடினேன். பின்னாலிருந்து அவர் குரல்: "நீ சொல்றது நெசமுன்னா அந்தப் பல்லைக் கொண்டாந்து காட்டு. இல்லாட்டி உங்க துரைக்குக் காயிதம் போடுவேன்!"

அன்னாசிப்பழ லாரி ஒன்றின் பின்னால் தொற்றிக்கொண்டு செரம்பான் போய்ச் சேர்ந்தேன். பட்டறையை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. புகை காட்டிக் கொடுத்தது. முற்றத்தில் பழைய இரும்பு ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தது. ஒரு பையன் பித்தளையையும் செம்பையும் வேறு கூடையில் எறிந்துகொண்டிருந்தான். இரண்டு பேர் பெரிய சம்மட்டியால் அடுப்புக் கால்களையும் சட்டிகளையும் கைப்பிடி அளவுக்கு உடைத்துப் போட்டார்கள். நெட்டையான இரும்பு உலை ஒன்று, அடியில் காற்றுத் துருத்தி. ஏணி மேல் நின்றவன் ஒரு கூடை கரி, ஒரு கூடை இரும்பு, ஒரு கை சுண்ணாம்புக் கல் என்று மாற்றி மாற்றி அதன் வாயில் கொட்டிக்கொண்டிருந்தான்.

சம்மட்டிக்காரன் காலடியில் என் சக்கரத்தின் துண்டு. சம்மட்டி தலைக்கு மேலே இருந்தது.

"ஜாங்கான்!" என்று கத்தினேன். வேண்டாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மலாய் அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது. சம்மட்டி பக்கத்தில் விழுந்தது. நான் துண்டின் மேல் விழுந்தேன்.

பட்டறைக்காரர், நாங்கள் தவுக்கே என்போமே அந்த முதலாளி, வெளியே வந்தார். கையெல்லாம் தீத்தழும்பு. அவரும் நானும் பேசியது சந்தை மலாய், இங்கே தமிழில் தருகிறேன். நடந்ததைச் சொன்னேன். குவியலைக் கிளறியதில் இரண்டாவது துண்டும் கிடைத்தது. மூன்றாவது இல்லை. ஏணி மேல் நின்றவன் உலையின் வாயைக் கை காட்டினான்.

தவுக்கே கோபப்படவில்லை. "போனது போகட்டும், உள்ளேதானே இருக்கிறது" என்றார். உலைக்குள் போன துண்டு கெட்டுப் போகாது. உருகி, அந்த இரும்போடு சேர்ந்து, புதுச் சக்கரமாகவே வெளியே வரலாம். இரும்பைப் பொறுத்தவரை நஷ்டமே இல்லை. நஷ்டம் உருவத்துக்குத்தான். இரண்டு துண்டையும் பலகையில் சேர்த்து வைத்துக் கவராயத்தால் அளந்தார். முழுசாக நின்ற பல் பதினேழு. விரிசல் போன இடத்தில் ஓரம் சிதறியிருந்ததால் துண்டுகள் சரியாகப் பொருந்தவில்லை. நடுக்குடம் பாதிதான் இருந்தது. இடைவெளியில் கவராயத்தை எட்டி எட்டி வைத்தார். ஒரு தடவை ஆறு பல் வந்தது. இன்னொரு தடவை ஏழு வந்தது.

"மொத்தம் இருபத்து மூன்றா, இருபத்து நாலா? ஒன்று தப்பினாலும் ஜோடிச் சக்கரத்தோடு கடிக்காது."

ஜோடிச் சக்கரம் தோட்டத்தில் இருந்தது. போய் எண்ணிவிட்டு வருவதற்குள் உலை ஆறிவிடும். கிராணி இன்னும் வந்து சேரவில்லை. வந்தாலும் அவருக்கும் தெரியாது. அந்தப் பல் ஒவ்வொன்றையும் தினமும் தொட்டவன் நான் ஒருவன்தான்.

இருபத்து நாலு கதவு என்பது நிச்சயம். ஆனால் அதில் ஒன்று என்னுடைய கதவு. ஊரார் பேச்சைச் சொல்லித் தடவுகிறவன் தன் வீட்டுக் கதவைச் சொல்வானா, தாண்டிப் போவானா? சொன்னால் இருபத்து நாலு. தாண்டினால் இருபத்து மூன்று. எத்தனை யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. துருத்தி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உலையின் அடியில் கண் போல ஒரு ஓட்டை, அதில் வெளிச்சம் மஞ்சளிலிருந்து வெள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தது. "சீக்கிரம்" என்றார் தவுக்கே.

என் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டேன். எதிரில் சக்கரம் இருப்பது போல வெறும் காற்றில் தடவ ஆரம்பித்தேன். எனக்கென்ன போச்சு. நான் சொன்னா யாரு கேக்குறா. பாக்கலாம் லா. சம்மட்டிக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். காலியான கதவுகள் வந்தன. நாலாவது கதவு, கப்பலேறிப் போன கிழவர், "என் காலத்துலே இப்படி இல்லே". எட்டாவது, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே போனவள், "கொஞ்சம் பொறு, உலை கொதிக்கட்டும்". ஒவ்வொருத்தர் குரலும் அந்தந்த இடத்தில் நின்றது. இரண்டாவது லயத்திலும் கை நிற்கவில்லை, என் கதவைத் தாண்டியே போனது. மூன்றாவது லயம் முடிந்தது. கணக்கு இருபத்து மூன்று.

கை தானாக இன்னொரு தடவை போனது. வாயும் கூடவே போனது: "பேசினது போதும், வேலையைப் பாருங்க."

அது என் மனைவி பேசுவது. கொழுப்புத் தடவி முடிக்கும்போது கடைசிப் பல்லில் அதைச் சொல்லித்தான் கையைத் துடைப்பேன். சொன்ன பிறகுதான் உருளையைச் சுற்றும் கைப்பிடியைப் பிடிப்பேன். வருஷக்கணக்காகச் சொன்னதால் அது அவள் பேச்சு என்பதே எனக்கு மறந்து போயிருந்தது.

"இருபத்து நாலு" என்றேன்.

தவுக்கே மரத்தில் பாதி நடுக்குடமும் ஏழு பல்லும் சீவி, மெழுகால் இடைவெளியில் ஒட்டினார். காய்ச்சிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்று பல்லைச் சுற்றி மெல்லிய காகிதம் ஒட்டி அதைப் பருமனாக்கினார். மணல் பெட்டியில் வைத்து அமுக்கி, பெட்டியைப் பிரித்து, மூச்சுக்கூட விடாமல் அதை வெளியே எடுத்தார். மணலில் இருபத்து நாலு பல் தெரிந்தது. அந்த நேரத்தில்தான் கிராணி இரும்பு மூட்டைகளோடு வந்து சேர்ந்தார். மூட்டையைப் பிரித்து ஒவ்வொரு துண்டையும் தவுக்கே தட்டிப் பார்த்துவிட்டு, "நன்றாகப் பிரித்திருக்கிறாய், ரயில்வேக்காரனா?" என்று கேட்டார். கிராணிக்குச் சந்தோஷப்படத் தெம்பில்லை. "எண்ணினீங்களா, எண்ணினீங்களா" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். எப்படி எண்ணினேன் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

உலையின் கண்ணைத் திறந்தார்கள். இரும்பு பால் மாதிரி வந்தது. நிஜமாகவே பால் மாதிரி, மெல்லிசாக, அவசரமில்லாமல். எங்கள் தோசைக்கல் வந்து சேருவதற்கு முன்னால் உலைக்குள் போன யார் யாருடைய சட்டியும் அடுப்பும், என் மூன்றாவது துண்டும் அதில் இருந்தன. அந்தக் குவியலில் கிடந்ததை எல்லாம் யாரும் பொறுக்காமல் விட்டிருந்தால் மழையில் துருவாகி மண்ணோடு போயிருக்கும். நாங்கள் சீமைக் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஆறவிட்டு, மணலைத் தட்டி, நடு ஓட்டையை அரத்தால் ராவினார்கள். நான் அங்கேயே கிடந்தேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு நானும் கிராணியும் வந்தோம். ரந்தாவில் பஸ் நின்றபோது ஓடிப்போய் மரைக்காயரிடம் காட்டினேன். அவர் விரலால் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "எடையும் நல்லாத்தான் இருக்கு" என்றார். காயிதம் எழுதவில்லை.

ஸ்டோர் வாசலில் லயம் முழுவதும் நின்றது. துரையும் நின்றார், சட்டைப் பையில் அந்தத் தாள் மடித்து வைத்திருந்தது. சக்கரத்தை அச்சில் மாட்டினேன். ஜோடியைப் பார்த்து எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை. கைப்பிடியைச் சுற்றினேன். அரைச் சுற்று போய், நறுக் என்று நின்றுவிட்டது.

பின்னால் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். கிராணி குனிந்து பார்த்தார். "பல்லு கணக்கு சரியாத்தான் இருக்கு. இங்கே மணல் கட்டி ஒண்ணு ஒட்டியிருக்கு. அரம் குடுங்க." வாங்கிய அவசரத்தில் அவரே அரத்தைக் கீழே போட்டார். என் மனைவி எடுத்துக் கொடுத்தாள். ராவினோம். திரும்பச் சுற்றினேன். சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, கரகரவென்று மோசமான சத்தம். அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

துரை கங்காணியைப் பார்த்து, "பால் எங்கே?" என்று கேட்டார்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. மெஷின் நின்ற நாளிலிருந்து யாரும் மரத்தைத் தொடவில்லை. விடியலில் வெட்டினால்தான் பால் இறங்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும். மணி ஒன்பது தாண்டியிருந்தது. "இந்த வெயில்லேயா?" என்று யாரோ கேட்டார்கள். அதற்குள் மாமியாரும் மருமகளும் பால் வெட்டும் உளியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். பிறகு எல்லோரும் ஓடினார்கள். கங்காணி கூட வாளியோடு ஓடினார். அன்றைக்கு முழுத் தோட்டத்திலும் கிடைத்த பால் நாலு வாளிகூட நிறையவில்லை. அதை உறையவைத்து, இழுத்து, ஏழு ரப்பர் ஷீட்டுகள் எடுத்தேன். துரை ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திங்கட்கிழமை லேபர் ஆபீசுக்கு எந்தத் தாளும் போகவில்லை.